காற்றும் கடதாசியும்



1918ஆம் ஆண்டிலே, இலங்கைப் பொறியியலாளர் சங்கத்தின் முன்னிலையில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை படிக்கப்பட்டது. அதனைப் படித்தவர் பொதுவேலைப் பகுதியில் பணியாற்றிய டி. ஜே. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர். மலைநாட்டு அருவிகளின் நீரைக் கொண்டு மின்சாரம் பிறப்பிக்கலாம் என்பதையும், அதனால் இந்நாட்டுக்கு விளையக்கூடிய பொருளாதார நன்மை இன்னதென்பதையும் அவர் கணக்கோடு எடுத்துக் காட்டினார். 1920களில் லக்சபானாவிலே வேலை தொடங்கிற்று. தொடங்கிய வேலை பணமில்லையென்று நின்றது. பின்னரும் நெடுங்காலம் இழுபட்டு, ஈற்றில் 1950ஆம் ஆண்டிலேதான் அங்கிருந்து 25 மெகாவாற்று மின்சாரம் பாய்ந்தது. கட்டுரைக்கும் விளக்குக்கும் இடையே 32 ஆண்டுகள். கட்டுரை படித்த ஆண்டிற் பிறந்த குழந்தை, விளக்கு எரிந்த ஆண்டில் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கும். விமலசுரேந்திரா 1953 வரை வாழ்ந்தமையால், தம் எண்ணம் நிறைவேறியதைக் காணும் பேறு பெற்றார். எண்ணியவர் கண்மூடிய பின்னரே நிறைவேறிய காரியங்கள் நம் நாட்டில் எத்தனையோ உள.

காற்று, வெயில், நீர் ஆகியவற்றிலிருந்து மின்சாரம் பெறும் திட்டங்களுக்கு அனுமதி வழங்குவதிலே உண்டாகும் தாமதத்தைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகின்றேன். இஃது உத்தியோகத்தரும் கம்பனிக்காரரும் மட்டும் பேசவேண்டிய விடயம் என்று ஒதுக்கிவிடுதல் ஆகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம் மின்சாரம் நிறுத்தப்பட்டதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். எரிபொருள் வாங்க நாட்டிலே அந்நியச் செலாவணி இல்லை. அந்த ஆண்டு மே மாதத்திற் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றிய பிள்ளைகள், அதற்கு முந்திய வாரங்களிலே மெழுகுதிரியையும் குப்பி விளக்கையும் வைத்துக்கொண்டு படித்தவர்கள். கப்பலில் வரும் எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் பணம் தேவை. கச்சானும் சோளகமும் அவ்வாறு பணம் கேட்டு வருவனவல்ல. 2030ஆம் ஆண்டளவில் நாட்டின் மின்சாரத்தில் நூற்றுக்கு எழுபது பங்கைப் புதுப்பிக்கத்தக்க சக்தி வளங்களிலிருந்து பெறுவது என அரசாங்கம் இலக்கு வைத்ததும் இக்காரணம் பற்றியே.

தாமதத்தின் விலையை ஒரு சிறு கணக்கினால் அறியலாம். 100 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதி ஒன்று, காற்று ஏறியும் இறங்கியும் வீசுவதனால், தன் முழு வலுவில் மூன்றில் ஒரு பங்கையே சராசரியாகத் தருகின்றது என்று கொள்வோம். அப்போதும் ஓராண்டில் அது தரும் மின்சாரம் ஏறத்தாழ 29 கோடி அலகு. ஓராண்டு தாமதமெனின், அந்த 29 கோடி அலகையும் வேறெங்கோ எண்ணெயையோ நிலக்கரியையோ எரித்துத்தான் பெறவேண்டும்.

இனி, அனுமதி என்பது யாது? இலங்கையிலே 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் இலங்கை நிலைபெறுதகு வலு அதிகாரசபை அமைக்கப்பட்டது. காற்றாலை ஒன்றை நிறுவ விரும்புபவர் முதலில் அங்கே விண்ணப்பித்துத் தற்காலிக அங்கீகாரம் பெறுகின்றார். பெற்ற பின்னரே பயணம் தொடங்குகின்றது. காணிக்குப் பிரதேச செயலகம். சுற்றாடலுக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபை, கரையோரமாயின் அதற்குரிய திணைக்களம் வேறு. காட்டுக்கு ஒன்று, வனசீவராசிகளுக்கு ஒன்று, வயலும் குளமும் இருப்பின் கமநல சேவையும் நீர்ப்பாசனமும், மண்ணுக்குள்ளே பழைய செங்கல் இருக்கக்கூடுமாயின் தொல்பொருள். கோபுரம் உயர்ந்ததாகையால் விமானப் போக்குவரத்துப் பகுதியின் சம்மதம். கட்டடத்துக்குப் பிரதேச சபை. மின்சாரத்தை வலையமைப்பிற் சேர்ப்பதற்கு அதனை நடத்துவோரின் உடன்பாடு. பிறப்பாக்கி விற்பதற்குப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் உரிமம். இவற்றுள் எது வேண்டாதது என்று கேட்டால், தனித்தனியே பார்க்குமிடத்து ஒன்றையும் வேண்டாதது என்று சொல்ல இயலாது. ஒவ்வொன்றும் ஏதோவொரு காலத்திலே, ஏதோவொரு தீங்கைத் தடுக்கவென்று வைக்கப்பட்டது. துன்பம் யாதெனில், ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்பதும், ஓர் அலுவலகம் மற்றதன் கடிதத்தைக் கண்ட பின்னரே தன் கோப்பைத் திறப்பதும் ஆகும்.

பாடசாலை அதிபராக இருப்பவனுக்குக் கோப்பின் நடை நன்கு தெரியும். முன்னொரு காலத்தில் நான் கடமையாற்றிய பாடசாலையில் ஆய்வுகூடக் கட்டடம் ஒன்றுக்கு இரண்டு அலுவலகங்களின் சம்மதம் வேண்டியிருந்தது. முதலாவது அலுவலகம் இரண்டாவதன் கடிதத்தைக் கேட்டது. இரண்டாவது அலுவலகம் முதலாவதன் கடிதத்தைக் கேட்டது. பதினொரு மாதம் இவ்வாறு சென்றது. இரு அலுவலகங்களும் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில், எதிரெதிரே இருந்தன என்பதை நான் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். எங்கள் பிள்ளைகளோ அந்தப் பதினொரு மாதமும் இரசாயனவியற் பரிசோதனைகளைப் புத்தகப் படத்திலே பார்த்துக் கற்றார்கள்.

இந்த அனுபவத்தினின்றும் நான் கற்றது ஒன்று. தாமதம் இருவகைப்படும். கோப்பை ஒருவர் படித்துக்கொண்டிருப்பதால் உண்டாகும் தாமதம் ஒன்று. கோப்பு மேசைமேற் கிடப்பதால் உண்டாகும் தாமதம் மற்றொன்று. பறவைகள் எப்பருவத்தில் எவ்வழியாக வருகின்றன என்று ஒரு விலங்கியலாளர் ஓராண்டு முழுவதும் கரையிலே நின்று எண்ணுவாராயின், அந்த ஓராண்டு வீணானதன்று. அவர் எண்ணி எழுதிய அறிக்கை ஆறு மாதம் அலுமாரியில் உறங்குமாயின், அந்த ஆறு மாதத்தால் பறவைக்கும் பயனில்லை, நமக்கும் பயனில்லை. அனுமதியை விரைவுபடுத்துக என்று குரல் எழும்போதெல்லாம், இரண்டாவது தாமதத்தை ஒழிப்பது கடினமாகையால், முதலாவதையே வெட்டிவிடுகின்றார்கள். ஆய்வைச் சுருக்கு, கேள்விப்பத்திரத்தை விடு, மக்களைக் கேட்பதைத் தவிர் என்று சொல்வது எளிது. அதன் பயன் எவ்வாறு முடிகின்றது என்பதற்கு மன்னார்த் தீவைக் காட்டிலும் சிறந்த எடுத்துக்காட்டு இந்நாட்டில் இல்லை.

மன்னாருக்குச் செல்லுமுன் சிறு நீர்மின் நிலையங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 1990களின் நடுப்பகுதியிலிருந்து தனியார் மலைநாட்டு ஓடைகளிலே சிறு நிலையங்களைக் கட்டத் தொடங்கினர். 1997இல், 10 மெகாவாற்றுக்கு உட்பட்ட நிலையங்களிலிருந்து மின்சாரம் வாங்குவதற்கென ஒரு பொது ஒப்பந்தப் படிவம் வகுக்கப்பட்டது. ஒவ்வொருவரும் சட்டத்தரணியை அழைத்துக்கொண்டு வந்து விலைபேச வேண்டியதில்லை. படிவம் ஒன்று, நிபந்தனை ஒன்று. இதனால் பல நிலையங்கள் விரைவாக எழுந்தன. உண்மையான விரைவு இதுவே. ஆயினும் இதிலும் ஒரு குறை நேர்ந்தது. ஒரே ஓடையில் மேலே ஒருவருக்கும் கீழே இன்னொருவருக்கும் தனித்தனியே அனுமதி கொடுக்கப்பட்டபோது, ஓடை முழுவதையும் ஒருங்கே நோக்கும் கண் இல்லாதுபோயிற்று. நீர் குழாய்க்குள்ளே செல்ல, பாறை வெளியே காய்ந்த இடங்கள் உண்டு. இலங்கையில் மட்டுமே வாழும் சிறு மீன்கள் அந்த ஓடைகளில் உள்ளன.

மன்னார்த் தீவை நீங்கள் அறிவீர்கள். பெருநிலத்தோடு ஒரு பாலத்தினால் இணைந்து, தலைமன்னார் வரை வடமேற்காக நீண்டு கிடக்கும் மணல் திட்டு அது. பனையும் கடலும் அங்குள்ளோரின் சீவனம். நிலம் தாழ்ந்தது. மாரியில் வெள்ளம் வழிந்தோட ஆயிரம் சிறு வாய்க்கால்கள் தாமாகவே அமைந்திருக்கும். நல்ல நீர் மணலுக்குக் கீழே மெல்லிய படையாக உவர்நீரின்மேல் மிதக்கின்றது. இனி, வானத்தைப் பாருங்கள். மத்திய ஆசியாவிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் குளிருக்குத் தப்பி வரும் பறவைகளின் பெரும்பாதை இந்தியாவைக் கடந்து வந்து இறங்கும் வாயில் இதுவே. அயலிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, ராம்சார் பட்டியலில், சேர்க்கப்பட்டது. பூநாரைகள் கூட்டமாக நிற்பதைக் காண வெளிநாட்டார் வருகின்றனர்.

இந்தத் தீவிலேயே நாட்டின் மிகச் சிறந்த காற்றும் வீசுகின்றது. அதனால், தென்கரையோரமாக 30 காற்றாலைகளை மின்சார சபை நிறுவிற்று. ஒவ்வொன்றும் 3.45 மெகாவாற்று, மொத்தம் 103.5. தம்பபவனி என்று பெயரிடப்பட்ட அந்தத் தொகுதி ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியோடு கட்டப்பட்டு, 2020ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது. சோளகம் வீசும் மாதங்களில் அவை நன்றாகச் சுழலுகின்றன. சோளக மாதங்களும், வலசைப் பறவைகள் வந்து தங்கும் மாரி மாதங்களும் பெரும்பாலும் வேறு வேறானவை. பறவைகள் கூட்டமாக வரும் வேளையில் ஆலைகளைச் சிறிது நேரம் நிறுத்திவைப்பதால் இழக்கும் மின்சாரம் அவ்வளவு பெரிதன்று என்பதை இதனால் நாம் ஊகிக்கலாம். பொறியியலாளரும் பறவை ஆராய்ச்சியாளரும் ஒரே மேசையில் அமர்ந்தால் இணக்கம் காணக்கூடிய காரியமே இது.

ஆனால் அடுத்த கட்டத்தில் நடந்தது வேறு. 2022ஆம் ஆண்டு மார்ச்சில், மன்னாரில் 250 மெகாவாற்றும் பூநகரியில் 234 மெகாவாற்றுமாகப் பெருந்திட்டம் ஒன்றுக்கு இந்தியாவின் அதானி நிறுவனத்தோடு உடன்பாடு செய்யப்பட்டது. நாடு இருளில் மூழ்கியிருந்த காலம் அது. விரைவு வேண்டும் என்று யாரும் சொல்லியிருப்பார்கள். அவ்வாண்டு யூனிலே மின்சாரச் சட்டமும் திருத்தப்பட்டது. போட்டிக் கேள்விப்பத்திரம் இன்றியே திட்டம் முன்னே சென்றது. 2024 மே மாதத்தில் அலகு ஒன்றுக்கு 8.26 அமெரிக்கச் சதம் என்ற விலையை அமைச்சரவை ஏற்றது. உடனே உயர்நீதிமன்றத்திலே வழக்குகள். விலை அதிகம் என்றார்கள், கேள்விப்பத்திரம் எங்கே என்றார்கள், பறவைப் பாதையின் நடுவே 52 கோபுரங்களா என்றார்கள். புதிய அரசாங்கம் 2025ஆம் ஆண்டு தொடக்கத்தில் விலையை மீளாய்வு செய்ய முற்பட்டது. பெப்ரவரியில் நிறுவனம் விலகிக்கொண்டது. மூன்றாண்டு ஓடிவிட்டது. ஒரு கோபுரமும் எழவில்லை. நேர்வழியிலே ஆய்வையும் கேள்விப்பத்திரத்தையும் முடித்திருந்தால்கூட மூன்றாண்டு ஆகியிருக்குமா என்பது என் ஐயம்.

இதற்கிடையில், கேள்விப்பத்திரம் கோரி 50 மெகாவாற்றுக்கான இன்னொரு மன்னார்த் திட்டம் கொடுக்கப்பட்டது. அங்கே வந்த விலை அலகுக்கு 4.65 சதம். போட்டி வைத்தமையால் விலை ஏறக்குறையப் பாதியாயிற்று. நீதிமன்றத்திற் சொல்லப்பட்ட குறைகளுள் ஒன்று தீர்ந்தது. ஆனால் மன்னார் மக்கள் அமைதியடைந்தார்களா? 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், காற்றாலை உறுப்புகளை ஏற்றிய பெருவண்டிகள் நகருக்குள் வந்தபோது மக்கள் வீதியிலே அமர்ந்தனர். குருமாரும் மீனவரும் தாய்மாரும் இரவிரவாக இருந்தனர். வேலையை ஒரு மாதம் நிறுத்திவைக்க ஜனாதிபதி இணங்கினார். பின்னர் வேலை தொடருமென்று அறிவிக்கப்பட, எதிர்ப்பு மேலும் ஓங்கிற்று. செப்டெம்பரிற் கடையடைப்பும் நிகழ்ந்தது.

இவர்கள் காற்றின் பகைவர்களா? நான் அவ்வாறு கருதவில்லை. அவர்கள் சொன்னவற்றைக் கேட்டுப்பாருங்கள். ஆலைகளுக்கென்று போட்ட வீதிகளும் மேடைகளும் வெள்ளம் வழியும் வாய்க்கால்களை மறித்து, முன்னர் நீர் நில்லாத இடங்களிலும் இப்போது நீர் நிற்கின்றது என்றனர். கரைவலை இழுக்கும் இடம் குறைந்தது என்றனர். தீவின் மணலில் உள்ள இல்மனைற்றுக் கனியத்தை அகழ எண்ணுவோர் இதன் பின்னால் நிற்பரோ என்று அஞ்சினர். இவற்றுள் எது முற்றும் உண்மை, எது அச்சத்தினால் மிகைப்பட்டது என்று தீர்ப்புக் கூற நான் பொறியியலாளன் அல்லேன். ஆனால் வெள்ளம் எவ்வழியாக ஓடும் என்பதை அங்கே பிறந்து வளர்ந்த ஒரு முதியவரிடம் கேட்டறிய எத்தனை நாள் செல்லும்? கோபுரம் எழுந்த பின்னர் அதே கேள்விக்குப் பதில் தேடுவதற்கு எத்தனை மாதம் செல்லுகின்றது?

சுற்றாடல் சட்டத்தின்படி, இத்தகைய பெருந்திட்டங்களின் மதிப்பீட்டு அறிக்கை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரவேண்டும். 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் வந்த நல்ல ஏற்பாடு இது. ஆயினும் பல நூறு பக்கங்கொண்ட அறிக்கையைப் பிரதேச செயலகத்து மேசையில் வைத்துவிட்டு, வந்து படித்து எழுத்திலே கருத்துத் தெரிவியுங்கள் என்று சொன்னால், கடலுக்குப் போய் வந்த மனிதன் என்ன செய்வான்? பட்டதாரியாகிய எனக்கே அத்தகைய அறிக்கையின் அட்டவணைகள் தலையைச் சுற்றச் செய்கின்றன. சட்டம் கேட்டது நிறைவேறுகின்றது. ஊரைக் கேட்டது என்று சொல்லல் இயலாது.

இதே நோய் ஐரோப்பாவையும் பிடித்திருந்தது. அங்கே காற்றாலைக்கு அனுமதி பெறப் பல ஆண்டு சென்ற நாடுகள் உண்டு. உக்ரேன் யுத்தத்தின் பின் எரிவாயு விலை ஏறவே அவர்களும் விரைய வேண்டியவர்களாயினர். 2023ஆம் ஆண்டிலே ஐரோப்பிய ஒன்றியம் ஒரு புதிய கட்டளையைப் பிறப்பித்தது. அதன் கருத்து எளிது. ஒவ்வொரு திட்டமும் வந்த பின்னர் இடத்தை ஆராயாமல், நாடு முழுவதையும் முன்கூட்டியே ஆராய்ந்து, தீங்கு மிகக் குறைந்த இடங்களைத் தெரிந்து குறித்துவிடுக. அவ்விடங்களில் வரும் தரைத் திட்டங்களுக்கு 12 மாதத்துள் முடிவு சொல்லுக. பிற இடங்களிலே இரண்டு ஆண்டு வரை எடுத்துக்கொள்க. பறவைச் சரணாலயங்களும் வலசைப் பாதைகளும் அந்த விரைவுப் பிரதேசங்களுக்கு வெளியே நிற்கவேண்டும். அதாவது, படிக்கின்ற வேலையை அவர்கள் ஒழிக்கவில்லை. அதை முன்னுக்குக் கொண்டுவந்தனர். ஒருமுறை நன்றாகப் படித்துவிட்டால் பத்துத் திட்டங்களுக்கு அது பயன்படும்.

அக்கட்டளையில் இன்னொன்றும் உண்டு. இடைப்பட்ட அலுவலகம் ஒன்று குறித்த காலத்துள் பதில் சொல்லாவிடின், அதன் மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளலாம். சுற்றாடல் பற்றிய முடிவுகளுக்கு மட்டும் அந்த விதி பொருந்தாது, அவற்றுக்கு வெளிப்படையான பதில் வேண்டும். இந்த வேறுபாட்டை நம்மவர்கள் கூர்ந்து நோக்குதல் வேண்டும். வீதியைக் கடந்து கம்பி இழுக்கலாமா என்ற கேள்விக்கு மூன்று மாதம் மௌனம் சாதிக்கும் அலுவலகத்தின் சொல்லுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நிலத்தடி நீர் கெடுமா என்ற கேள்விக்கு மௌனத்தை விடையாகக் கொள்ள நான் ஒருபோதும் சம்மதியேன்.

நமக்கு இதற்கென்று புதுச் சட்டம் தேவையா என்றால், 2007ஆம் ஆண்டுச் சட்டமே சக்தி அபிவிருத்திப் பிரதேசங்களைப் பிரகடனம் செய்ய இடங்கொடுக்கின்றது. குறை சட்டத்தில் அன்று. வர்த்தமானியில் எல்லை குறிப்பதற்கு முன்னர், எங்கே வெள்ளம் ஓடும், எங்கே வலை இழுப்பர், எங்கே பறவை இறங்கும், எது கோயிற் காணி, எது மேய்ச்சல் தரை என்று ஊராரோடு இருந்து வரைபடம் போடும் வேலையே நடைபெறவேண்டும். அந்த வரைபடத்தில் காற்றாலைக்கு ஏற்ற இடம் ஐந்து குறிக்கப்பட்டால், ஒவ்வோர் இடத்துக்கும் காணி, சுற்றாடல், தொல்பொருள் முதலான சம்மதங்களை அரசாங்கமே முதலிற் பெற்று வைத்துக்கொண்டு, அதன் பின்னர் கேள்விப்பத்திரம் கோரலாம். யார் குறைந்த விலைக்குத் தருகின்றாரோ அவர் மறுமாதமே மண்வெட்டியை எடுக்கலாம். இன்றோ, இடத்தையும் கம்பனிக்காரரே தேடி, சம்மதங்களையும் அவரே தேடவேண்டியிருப்பதால், செல்வாக்குள்ளவருக்கு வழி திறக்கின்றது, மற்றவர் வாயிலில் நிற்கின்றார். அத்தகைய நிலையிலே, கட்டும் எண்ணமின்றி அனுமதிப்பத்திரத்தைப் பெற்று, நல்ல விலைக்கு விற்கக் காத்திருப்போரும் தோன்றுவர். கடதாசி காற்றைவிட விலையேறிய பண்டமாகிவிடும்.

அனுமதிக் கோப்பு எதனாலும் தீர்க்கமுடியாத தாமதமும் உண்டு. யாழ்ப்பாணத்துத் தீவுகளான நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் காற்றும் வெயிலும் சேர்ந்த சிறு மின் நிலையங்கள் அமைக்க 2021ஆம் ஆண்டு சனவரியில் அமைச்சரவை ஒரு சீன நிறுவனத்துக்கு அங்கீகாரம் அளித்தது. மூன்றுக்கும் சேர்த்து இரண்டு மெகாவாற்றுக்குச் சற்றே மேற்பட்டதே அத்திட்டம். இந்தியா தன் கரைக்கு மிக அண்மையில் என்று மறுப்புத் தெரிவித்தது. அவ்வாண்டு முடிவுக்குள் திட்டம் நின்றது. 2022 மார்ச்சில் இந்தியாவோடு உடன்பாடு. இந்திய நன்கொடையிற் கட்டுவதற்கான ஒப்பந்தம் கைச்சாத்தானது 2024 மார்ச்சில். இரு பெரிய நாடுகளும் தங்கள் தங்கள் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த மூன்றாண்டும், தீவுகளுக்கு டீசல் படகிலேயே சென்றது. படகிற் சென்ற டீசலின் விலை நம் எல்லோருடைய மின்சாரப் பற்றுச்சீட்டிலும் பங்கிடப்பட்டது.

வேறொரு கேள்வியையும் நேயர் சிலர் கேட்கக்கூடும். எல்லா அனுமதியையும் நாளைக்கே கொடுத்துவிட்டால் மின்சாரம் பெருகிவிடுமா? பெருகாது. கூரைமேல் வெயில் மின்சாரம் பெறும் வீடுகளுக்கு அனுமதி விரைவாகவே கிடைத்தது. பல வீடுகள் முன்வந்தன. ஆனால் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு செய்த குழப்பத்தினால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றது. அந்நேரம் தேவை குறைவாகவும் வெயில் மின்சாரம் மிகுதியாகவும் இருந்தமையால் வலையமைப்பு அந்த அதிர்ச்சியைத் தாங்கவில்லை என்று விளக்கப்பட்டது. அவ்வாண்டு சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே, கூரை மின்சாரத்தைப் பகலில் நிறுத்திவையுங்கள் என்று மக்களிடம் கேட்கவேண்டியும் வந்தது. பகலில் மிஞ்சுவதை இரவுக்குச் சேமிக்கும் மின்கலங்களும், மன்னாரிலிருந்து அனுராதபுரத்துக்குச் செல்லும் கம்பிபோன்ற தடித்த கம்பிகளும் ஆலைகளோடு ஒருங்கே எழவேண்டும். கம்பி செல்லும் வழிக்கும் காணி வேண்டும், காட்டுச் சம்மதம் வேண்டும், ஊராரின் இணக்கம் வேண்டும். ஆலைக்கு வழிதிறந்துவிட்டுக் கம்பியின் கோப்பைக் கட்டிவைப்பது, பாடசாலை கட்டி ஆசிரியரை அனுப்பாமல் விடுவதற்கு ஒப்பானது. அந்த அநுபவமும் எங்களுக்கு உண்டு. அதை இன்னொரு நாளிற் பேசலாம்.

கோப்புகளின் நடையை வெளிப்படுத்துதல் என்னும் ஒரு சிறு சீர்திருத்தத்துக்குப் பெரும் பணச் செலவும் இல்லை, பாராளுமன்றச் சட்டமும் வேண்டியதில்லை. எந்தத் திட்டத்தின் கோப்பு எந்த அலுவலகத்துக்கு எத்தேதியில் வந்தது, இன்றோடு எத்தனை நாள், யாருடைய கடிதத்துக்காகக் காத்திருக்கின்றது என்பதை ஒரு பலகையில் எழுதிப் பிரதேச செயலக வாயிலிலே தொங்கவிடலாம். தமிழிலும் சிங்களத்திலும் எழுதவேண்டும். படிக்கின்ற தாமதமாயின் அதன் காரணமும் அதில் இருக்கும்: பறவைக் கணக்கெடுப்பு, மார்ச் வரை. கிடக்கின்ற தாமதமாயின் அந்த இடம் வெறுமையாக இருக்கும். வெறுமையாக விடப்பட்ட இடத்தைச் சந்தைக்குப் போகும் வழியில் நூறு பேர் பார்த்துச் செல்வார்களாயின், அடுத்த வாரமே அங்கு ஏதாவது எழுதப்படும் என்பது பரீட்சைப் புள்ளிகளை அறிவித்தற் பலகையில் ஒட்டிப் பழகிய எனது நம்பிக்கை.